மீன்பிடிக்க யாருக்குக் கற்றுத்தருகிறீர்கள்?

பசித்தவனுக்கு மீனைக் கொடுக்காதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு. இந்த வாசகம் ஒலிக்காத தொண்டு மேடை இல்லை. சிலர் இதைக் கன்பூசியஸ் தலையில் கட்டுவார்கள், சிலர் சீனப் பழமொழி என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆப்பிரிக்கக் கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நன்கொடை தருகிறவரும் தராதவரும் ஒரே குரலில் இதைச் சொல்வார்கள். இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், சோம்பேறி ஆவார்கள், கையேந்தியே பழகிவிடுவார்கள். ஒரு சிறு தொகையாவது வாங்கினால்தான் பொருளைப் பேணுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் பொய்த்துப்போயிருக்கிறது என்பதுதான் சங்கடம். சோதனை அதிகம் நடந்த இடம் கென்யாவின் மேற்குப் பகுதி: புசியா, சியாயா, கிசுமு, ஹோமா பே. ஆகவே அங்கேயே நின்று பேசுவோம்.

முதலில் அந்த மீன். விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில் வாழும் லுவோ மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிப்பவர்கள். எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் வலை விரிக்க வேண்டும் என்று பட்டறை நடத்தி அவர்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இல்லை. படகும் வலையும் ஆண்களிடம் இருக்கின்றன. கரைக்கு வரும் மீனை வாங்கி, ஓமேனா என்கிற பொடிமீனைக் காயவைத்து, சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர்கள் பெண்கள். ஏரியில் மீன் குறையக் குறைய, மீன் கிடைப்பதற்கே போட்டி வந்தது. காசோடு உடலையும் கொடுத்தால்தான் மீன் என்ற நிலை பல கரைகளில் உருவானது. அதற்கு ஜபோயா என்று அங்கே பெயரே உண்டு. எச்ஐவி தொற்று நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் இந்தக் கரையும் ஒன்று.

இந்தப் பெண்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பீர்கள்? பாதுகாப்பான உறவு பற்றிய வகுப்பா, தன்னம்பிக்கைப் பயிற்சியா? இரண்டும் நடந்தன. 2011 வாக்கில் ந்துரு என்ற கரையில் சில பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து வேறொன்றைக் கேட்டார்கள்: சொந்தப் படகு. வெளிநாட்டு உதவியில் சில படகுகள் வந்தன. படகு பெண்ணுடையது, ஓட்ட ஆண்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம், வரும் மீன் அவளுடையது. பேரம் தலைகீழானது. சில ஆண்டுகளில் அந்தப் படகுகள் பழுதாயின. 2020இல் ஏரி பொங்கி அந்த ஊரையே மூழ்கடித்தது. 'பார்த்தீர்களா, இலவசப் படகு நிலைக்கவில்லை' என்று இதையும் தங்கள் பக்கக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். மரப்படகு மட்கும், காசு கொடுத்து வாங்கிய மரமும் மட்கும். வெள்ளமோ விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

இந்த 'சிறு தொகை' தத்துவம் எங்கிருந்து வந்தது? 1980களில் கடனில் மூழ்கிய ஆப்பிரிக்க அரசுகளிடம் செலவைக் குறைக்கச் சொன்னது உலக வங்கி. 1987இல் மாலியின் தலைநகர் பமாகோவில் கூடிய சுகாதார அமைச்சர்கள், யுனிசெஃபும் உலக சுகாதார அமைப்பும் முன்னின்ற ஒரு திட்டத்தை ஏற்றார்கள். மருந்துக்கு மக்களிடம் காசு வாங்கி, அந்தக் காசிலேயே அடுத்த மருந்தை வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தை ஓட்டுவது அதன் அடிப்படை. 1989 டிசம்பரில் கென்ய அரசு மருத்துவமனைகளில் கட்டணம் வந்தது. 'செலவுப் பகிர்வு' என்று அழகான பெயர். நைரோபியில் பால்வினை நோய்களுக்கான சிறப்பு மருத்துவமனையில் ஆண்களின் வருகை முன்பிருந்ததில் 40 சதவீதமாகச் சரிந்தது. எச்ஐவி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே அரசு புறநோயாளிக் கட்டணத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் கருத்து சாகவில்லை. அரசிடமிருந்து தொண்டு நிறுவனங்களுக்கு இடம் மாறியது. 'மக்கள் பங்களிப்பு', 'உரிமையுணர்வு', 'நீடித்த தன்மை' என்று புதிய சட்டைகளைப் போட்டுக்கொண்டது.

கொசுவலை விஷயத்தில் இந்தக் கருத்து நேருக்கு நேர் சோதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் மருந்து தோய்த்த வலைகளை மலிவு விலையில் விற்பதே சரியான வழி என்று பெரிய நிறுவனங்கள் நம்பின. விலைக்கு அவர்கள் சொன்ன காரணம் இது: காசு கொடுப்பவர் உண்மையில் தேவையுள்ளவர், வாங்கியபின் பயன்படுத்துவார், சும்மா கிடைத்தால் மூலையில் போட்டுவிடுவார். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுப்பா என்ற இரு பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவின் கர்ப்பிணிப் பரிசோதனை மையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் வலை இலவசம். மற்றவற்றில் வெவ்வேறு விலை, அதிகபட்சம் 40 ஷில்லிங். அன்றைய மதிப்பில் 60 அமெரிக்க சென்ட்.

இலவசமாகக் கொடுத்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கர்ப்பிணிகளும் வாங்கிக்கொண்டார்கள். 40 ஷில்லிங் விலை வைத்தபோது அந்த அளவு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. சரி, வாங்கிய சிலராவது அதிகம் தேவையுள்ளவர்களா? விலை கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட, மலேரியாவின் அடையாளமான இரத்தசோகை மிகுந்தவர்களாக இல்லை. பயன்படுத்தினார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். காசு கொடுத்தவர் வீட்டிலும் கொடுக்காதவர் வீட்டிலும் வலை ஒரே அளவில்தான் தொங்கியது. விலை தேவையுள்ளவரைப் பிரித்தெடுக்கவில்லை, அக்கறையுள்ளவரையும் பிரித்தெடுக்கவில்லை. அன்று கையில் 40 ஷில்லிங் வைத்திருந்தவரைப் பிரித்தெடுத்தது, அவ்வளவுதான். டுப்பா பின்னர் செய்த இன்னோர் ஆய்வு இந்தத் தத்துவத்தின் அடிமடியிலேயே கைவைக்கிறது. முதல் வலையைச் சும்மாவோ மிகக் குறைந்த விலைக்கோ பெற்ற குடும்பங்கள், ஓராண்டு கழித்து இரண்டாவது வலையை விலைக்கு வாங்க மற்றவர்களைவிட அதிகம் முன்வந்தன. ஒரு மழைக்காலம் கொசுக்கடி இல்லாமல் தூங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வலையின் அருமை தெரிந்திருந்தது.

2006இல் கென்ய அரசு குழந்தைகளுக்கு 34 லட்சம் வலைகளை இலவசமாகக் கொடுத்தது. நான்கு கிராமப்புற மாவட்டங்களில் நடந்த கணக்கெடுப்பின்படி, மருந்து வலைக்குள் தூங்கிய குழந்தைகள் 2004இல் நூற்றுக்கு 7 பேர். 2006இல் 67 பேர். இடையில் விற்பனை வழியில் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் பணமுள்ள வீடுகளிலேயே தங்கியது. இலவசம்தான் ஏழை வீட்டுக்குப் போனது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்த் தாக்குதல்கள் சுமார் 66 கோடி என்று 2015இல் நேச்சர் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வலைகளின் வேலை.

'அந்த வலையை வைத்து மீன்பிடிக்கிறார்களே' என்பார்கள். உண்டு. விக்டோரியா கரையில் ஓமேனா காயவைக்கக் கொசுவலையை விரித்திருப்பதை ஆய்வாளர்கள் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பல ஆப்பிரிக்க நாடுகளின் வீட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேறு வேலைக்குப் போன வலைகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒன்றின் படம்தான் பத்திரிகையில் வருகிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஜாம்பியப் பொருளியலாளர் டம்பிசா மோயோவுடையது. 2009இல் வந்த 'டெட் எய்ட்' நூலில், உள்ளூரில் வலை தயாரிக்கும் ஒரு சிறு முதலாளியைக் கற்பனை செய்கிறார். வெளிநாட்டிலிருந்து இலவச வலை வந்து குவிகிறது, அவர் கடையை மூடுகிறார், வேலையாட்களின் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. வலுவான சித்திரம். ஆனால் கற்பனைச் சித்திரம். தான்சானியாவின் அருஷா நகரில் ஏ டு இசட் என்ற துணி ஆலை இருக்கிறது. ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் பெற்று, நீண்டகாலம் மருந்து நிற்கும் வலைகளைத் தயாரித்து, ஆயிரக்கணக்கானோருக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை கொடுத்தது. அந்த வலைகளை வாங்கியவர்கள் யார்? இலவசமாக விநியோகிப்பதற்காகக் கொள்முதல் செய்த உதவி அமைப்புகள்தாம். ஏழைகள் வாங்கும் சக்தியை நம்பியிருந்தால் அந்த ஆலைக்குச் சந்தையே இருந்திருக்காது. பொருளை எங்கே கொள்முதல் செய்கிறோம் என்பது நல்ல கேள்வி. அதைக் கேட்பதற்காக வலைக்கு விலை வைக்கத் தேவையில்லை.

புசியா பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்த கதையும் இதேதான். 1998இல் 75 பள்ளிகளில் இலவசமாகத் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் கால்வாசி குறைந்தன. (அதன் பலன் பற்றிப் புள்ளியியலாளர்கள் பின்னாளில் மல்லுக்கட்டினார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.) சில ஆண்டுகளில் மாத்திரை கொடுத்த தொண்டு நிறுவனத்துக்கு 'நீடித்த தன்மை' ஞாபகம் வந்தது. சில பள்ளிகளில் சிறு கட்டணம் வைத்தார்கள், சராசரியாகக் குழந்தைக்கு 30 சென்ட். மாத்திரை எடுத்த பிள்ளைகள் நான்கில் மூன்று பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். கூடவே செருப்பு அணியுங்கள், கை கழுவுங்கள், ஏரித் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று சுகாதாரப் பாடமும் நடத்தினார்கள். பாடம் நடந்த பள்ளிகளில் செருப்பும் கூடவில்லை, கையும் சுத்தமாகவில்லை. மீன்பிடிக்கக் கற்றுக்கொடு என்ற கொள்கைக்கு இதைவிட நேரடியான சோதனை வேண்டுமா? செருப்பில்லாத பிள்ளைக்குச் செருப்பின் அவசியத்தைச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்த மைக்கேல் கிரெமருக்கு 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவுடன் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததால் முடிவுகள் சரி என்று ஆகிவிடாது. ஆனால் ஆப்பிரிக்க ஏழைகளைச் சோம்பேறியாக்க விரும்பும் இளகிய மனதுக்காரர்கள் இவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இலவசம் வேலை செய்யாது என்று கண்டிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். எழுதியும் இருக்கிறார்கள். கென்யப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பாடநூல்கள் சராசரி மாணவருக்கு உதவவில்லை என்று கண்டவர்களில் கிரெமரும் ஒருவர். காரணம், நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் பயன்பட்டது. அந்த நூல்களுக்குக் காசு வாங்கியிருந்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்திருக்குமா?

பள்ளிக்கூடம் என்றதும் 2003ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கென்யாவில் அதுவரை தொடக்கப் பள்ளிக்கும் கட்டணம், கட்டட நிதி என்று பல பெயர்களில் பெற்றோர் பணம் கட்டினார்கள். 'ஹராம்பே', கூடி இழுப்போம், என்ற முதல் அதிபர் கென்யாட்டா காலத்து முழக்கம் அதற்கு ஒரு தேசியப் பெருமையையும் கொடுத்திருந்தது. மக்கள் பங்களிப்பு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வருவதாக இருந்தால் கென்யாதான் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் புதிய அதிபர் கிபாக்கி கட்டணத்தை நீக்கினார். சேர்க்கை சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சமானது. அந்தப் பதின்மூன்று லட்சம் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதற்கு முந்தைய டிசம்பர் வரை கல்வியின் மதிப்பு தெரியாமல் இருந்ததா? அடுத்த ஆண்டு எல்டோரெட் நகரில் 84 வயதுக் கிமானி மருகே அரைக்கால் சீருடையோடு முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். வகுப்பறைகள் பிதுங்கின, ஆசிரியர் போதவில்லை, தரம் அடிவாங்கியது, ஓரளவு வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்கு நகர்ந்தார்கள். எல்லாம் உண்மை. பள்ளி கட்டாமல், ஆசிரியர் நியமிக்காமல் கதவைத் திறந்த அரசின் பிழை அது. இலவசக் கல்விக்குப் பிறகும் சீருடைச் செலவு பெற்றோர் தலையில்தான் இருந்தது. மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், சீருடையைச் சும்மா கொடுத்ததும் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது குறைந்தது, பதின்வயதில் தாயாவதும் குறைந்தது. அறிவுரையால் நடக்காததை ஒரு கவுன் செய்திருக்கிறது.

தண்ணீருக்கு வருவோம். ஊற்றிலோ கிணற்றிலோ எடுத்து வரும் தண்ணீரில் சில சொட்டு குளோரின் விட்டால் வயிற்றுப்போக்கு குறையும், சிறு குழந்தைகளின் சாவும் குறையும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பில் கால்வாசி அளவு குறையலாம் என்கிறது. மேற்குக் கென்யக் கடைகளில் குளோரின் பாட்டில் மலிவாகவே விற்றது, விளம்பரமும் இருந்தது. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் பத்தில் ஒரு வீடுகூட இல்லை. பிறகு ஊற்றின் அருகிலேயே ஒரு கம்பம் நட்டு அதன்மேல் குளோரின் பெட்டி வைத்தார்கள். குடத்துக்குப் பதில் அங்கே புழங்குவது 20 லிட்டர் ஜெர்ரிகேன். அதை அடியில் வைத்துத் திருகினால் மூன்று மில்லி விழும். காசு இல்லை. ஊரிலேயே ஒருவர் எடுத்துச் சொல்லவும் மருந்து தீராமல் பார்த்துக்கொள்ளவும் பொறுப்பேற்றார். சோதனையின்போது பாதிக்கும் மேற்பட்ட வீடுகளின் தண்ணீரில் குளோரின் இருந்தது.

நைரோபியில் நடுத்தர வர்க்கத்தினர் குடிக்கும் தண்ணீர் ண்டகாய்னி அணையிலிருந்து வருகிறது. வழியில் ங்கெத்து சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலந்துவிடுகிறது. அவர்கள் யாரும் காலையில் எழுந்து சொட்டு எண்ணுவதில்லை, சுகாதாரப் பட்டறைக்குப் போவதில்லை. அவர்களுடைய 'உரிமையுணர்வு' பற்றி எந்த அறிக்கையும் கவலைப்பட்டதில்லை. பொறுப்பு, விழிப்புணர்வு, பங்கேற்பு எல்லாம் குழாய் இல்லாதவர்களிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுகின்றன.

அடிபம்புகளில் இது இன்னும் கொடுமை. பம்பை நிறுவிவிட்டு, ஊரில் ஒரு தண்ணீர்க் குழுவை அமைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது 1980களில் ஐ.நா. அறிவித்த தண்ணீர்ப் பத்தாண்டிலிருந்து நடைமுறை. விளைவு, சகாராவுக்குத் தெற்கே எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பம்பு வேலை செய்வதில்லை என்று பல ஆண்டுகள் கணக்குச் சொன்னார்கள். ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று விளக்கம். கென்யாவின் கிடுயி வட்டாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பம்புக் கைப்பிடிக்குள் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். பம்பு நின்றால் செல்பேசி வழியாகத் தகவல் போகும். சம்பளம் வாங்கும் மெக்கானிக், அங்கே ஃபுண்டி என்பார்கள், வண்டியில் வந்துவிடுவார். பழுதான பம்பு சரியாக முன்பு சராசரியாக 27 நாட்கள் ஆயின. இப்போது மூன்று நாளுக்குள். அதிலிருந்து வளர்ந்த ஃபுண்டிஃபிக்ஸ் என்ற சேவைக்கு ஊர் மக்கள் ஒரு கட்டணம் கட்டுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அது முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை. மீதியை ஓர் அறக்கட்டளை நிதி தாங்குகிறது. மூன்று நாளில் ஆள் வந்து சரிசெய்யும் சேவைக்கு மக்கள் காசு தருவது ஒன்று. உரிமையுணர்வு வரட்டும் என்று உடைந்த பம்பையும் ஒரு ஸ்பானரையும் தலையில் கட்டுவது வேறு.

தன்செலவைத் தானே ஈட்டும் தொண்டு என்ற கனவு எந்த அளவுக்குப் போகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிளேபம்பு சாட்சி. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும், தொட்டியின் மேல் விளம்பரப் பலகை வைத்துப் பராமரிப்புச் செலவை எடுக்கலாம். 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் திட்டமாக அறிவிக்கப்பட்டது. சொன்ன எண்ணிக்கையில் மக்களுக்குத் தண்ணீர் தர, குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டது. கடைசியில் ராட்டினத்தைத் தள்ளியவர்கள் தண்ணீருக்கு வந்த பெண்கள்.

வாழ்வாதாரத்தில்தான் நம்பிக்கையின்மை அப்பட்டமாகத் தெரிகிறது. பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பது உலகப் பொது அறிவு. உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போப்போவாவும் மூன்று கண்டங்களிலிருந்து 19 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதற்கு ஆதாரம் இல்லை. சியாயா மாவட்டத்தில் 10,500 ஏழைக் குடும்பங்களுக்கு கிவ்டைரக்ட்லி அமைப்பு தலா சுமார் 1,000 டாலரை செல்பேசிவழி அனுப்பியது. புல்கூரை தகரக் கூரையானது, மாடு வந்தது, கடைகளில் வியாபாரம் கூடியது. பணம் வாங்காத அண்டை வீட்டாரின் வருமானமும் உயர்ந்தது. உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் பொருளாதாரத்தை உண்டாக்கியது. விலைவாசி ஏறக்குறைய அசையவில்லை. அந்தக் கிராமங்களின் பிறப்பு, இறப்பைப் பின்னர் கணக்கெடுத்தவர்கள், பணம் பெற்ற வீடுகளில் பச்சிளங்குழந்தைச் சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2025இல் எழுதினார்கள்.

அதே அமைப்பு 2015இல் ஹோமா பே மாவட்டத்துக்குப் போனபோது நடந்தது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தமானது. கிட்டத்தட்ட பாதிக் குடும்பங்கள் பணம் வேண்டாம் என்றன. உழைக்காமல் வரும் பணத்தில் ஏதோ சூது இருக்கிறது, சாத்தான் வழிபாட்டுப் பணமாக இருக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. கையேந்திப் பழகிய கூட்டம் என்று யாரைச் சொன்னோமோ அவர்கள், தங்கள் ஓராண்டு வருமானத்தையே மிஞ்சக்கூடிய தொகையைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பினார்கள். இந்த அமைப்பின் மேல் குறையும் உண்டு. காங்கோவில் அதன் ஊழியர்களே சூழ்ச்சி செய்து சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள், 2023இல் வெளியே வந்தது. திருடியவர்கள் பயனாளிகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயிற்சியே வீண் என்பது என் கட்சி இல்லை. பிரசவம் பார்க்கும் செவிலிக்கும் பம்பு பழுதுபார்க்கும் ஃபுண்டிக்கும் பயிற்சி வேண்டும். ஆனால் கையில் காசில்லாதவருக்கு அறிவில்லை என்று நோயைக் கணிப்பதும், மருந்தாகப் பட்டறை நடத்துவதும் கொடுப்பவருக்கு வசதியான ஏற்பாடு. பட்டறையின் செலவில் பெரும்பகுதி நடத்துகிறவர்களின் சம்பளம், வண்டி, விடுதி என்று அவர்களிடமே திரும்பி வருகிறது.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்துக்கு மட்டும் எடை உண்டு. வெளிநாட்டுப் பணம் ஒருநாள் நிற்கும், அப்போது என்ன செய்வார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியபோது மருந்துக் கிடங்குகளிலும் சிகிச்சை மையங்களிலும் அதன் அடி விழுந்தது. இது உண்மையான அச்சம். ஆனால் யார் செலவு செய்வது என்பதைப் பற்றிய அச்சம் இது. 2001இல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி சொன்னார்கள். மிகச் சில நாடுகளே அதை எட்டின. கேள்வியை அந்த நிதியமைச்சகங்களிடம் கேட்க வேண்டும். பதிலாக, புசியாவில் வயிற்றுப் பிள்ளையோடு வரிசையில் நின்றவளிடம் 40 ஷில்லிங் கேட்டார்கள்.

அரசு ஏற்கும் என்பதற்கும் உதாரணம் அதே புசியாவிலிருந்து கிடைக்கிறது. 75 பள்ளிகளில் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த குடற்புழு மாத்திரை, 2009க்குப் பிறகு கென்யக் கல்வி, சுகாதார அமைச்சகங்களின் தேசியத் திட்டமானது. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியர்களே கொடுத்தார்கள். நிதியில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வந்தது. அதை நாட்டின் சொந்தப் பணமாக மாற்றும் வேலை பாக்கியிருக்கிறது. ஆனால் 30 சென்ட்டை யாரும் மறுபடி கேட்கவில்லை.